கொம்பையா அண்ணாச்சிக்குப் பொன்னாடை

பேட்டையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் கொம்பையாவுக்கு உலகத்தில் யாரையும் மதிக்கத் தெரியாது. தன்னை மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே மதித்துக்கொள்வார். "என் கடையில அழுகின காய் ஒண்ணு எடுத்துக் காட்டும்வே, கடையையே எழுதித் தாரேன்" என்பது அவர் வாயில் நாள் முழுக்க ஓடும் பேச்சு. கத்தரிக்காயில் ஓட்டையைக் காட்டினால், "அது அழுகல் இல்ல, புழு. புழுவே திங்குதுன்னா மருந்தடிக்காத காய்னு தெரியலையா?" என்பார். அப்படிப்பட்ட வாய்.

இந்தப் பெரிய மனுசனுக்கு ஒரே ஒரு குறை. இத்தனை வயதாகியும் ஒருத்தரும் அவருக்குப் பொன்னாடை போர்த்தியதில்லை. கோயில் கொடை விழாவுக்கு வாழைத்தார் கொடுத்துப் பார்த்தார். மேடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தும் பார்த்தார். பொன்னாடை அவரைத் தாண்டித் தாண்டியே போனது. அவர் கொடுத்த தார் ஒரு பக்கம் கறுத்திருந்ததை வாங்கினவர்கள் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

கடையின் பின்சுவரை ஒட்டி ஒரு நடுநிலைப்பள்ளி. ஆனியில் பள்ளிக்கூடம் திறந்ததும், அங்கே வேலை பார்க்கும் அர்ஷியா டீச்சர் சுவரோரம் காலியாகக் கிடந்த இடத்தில் தோட்டம் போட ஆரம்பித்தார். பிள்ளைகளும் தெருப் பெண்களும் சேர்ந்து பாடுபடுவது, விளைந்ததைச் சனிக்கிழமைதோறும் தெருக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. கொம்பையா கடையில் பல வருசமாகக் காய் வாங்கிவந்த சந்தனமாரியும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை வழியாகவே போனாள்.

"என்ன சந்தனமாரி, வெவசாயம் பாக்கப் போறியோ? கட்டடம் இடிச்ச மண்ணுல கத்தரி காய்க்குமாக்கும்? காய்ச்சா எனக்கும் ஒண்ணு கொண்டா. சாமி படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிடுதேன்."

"காய்க்கட்டும் அண்ணாச்சி, கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

விதைத்ததில் பாதி முளைக்கவில்லை. முளைத்ததும் வெளிறிப்போய் நின்றது. சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கும் நாளெல்லாம் கொம்பையாவுக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கியது.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு வைத்த பிறகு குப்பையென்று ஒரு துரும்புகூட வெளியே போகக் கூடாது. போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள். அதனால் அழுகினதையெல்லாம் பொழுது சாயுமுன் கூடையில் அள்ளி, மேலே சாக்கைப் போட்டு மூடி, தெருமுனைத் தொட்டியில் கொட்டிவிட்டு வருவார். அழுகலே இல்லாத கடையாயிற்றே, மூடித்தானே கொண்டுபோக வேண்டும்? தோட்டம் வந்த பிறகு அந்த நடையும் மிச்சமாயிற்று. முக்காலியில் ஏறிப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கவிழ்த்தார். நசுங்கின தக்காளி, வெடித்த பூசணி, பழுத்துப் பிளந்த பாகற்காய். "இந்தாங்க, இதை வச்சு வெவசாயம் பாருங்க" என்று ஒரு வார்த்தையும் கூடவே போகும். நாற்றம் தாங்காமல் டீச்சர் தோட்டத்தை மூடிவிடுவாள் என்று நினைப்பு.

ஒருத்தரும் வந்து சண்டை போடவில்லை. கேட்க வாயில்லாத கூட்டம் என்று கொம்பையாவுக்கு இன்னும் இளக்காரமாகப் போயிற்று.

புரட்டாசி வந்தது. ஊரில் பாதிப்பேர் கறி மீனை விட்டுக் காய்க்கு வரும் மாதம். காய்கறிக் கடைக்காரனுக்கு அதுதான் அறுவடைக்காலம். கொம்பையா ஈ ஓட்டினார். பெண்கள் பை நிறையக் காயோடு கடையைத் தாண்டிப் போனார்கள். இஞ்சிக்கும் வெங்காயத்துக்கும் மட்டும் நின்றார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம், மனைவி பொன்செல்வி வைத்த பூசணிக்காய்க் கூட்டை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"நம்ம கடைச் சரக்குன்னா சரக்குதாம்ட்டி" என்றார்.

"இது பள்ளிக்கூடத்துக் காய். சந்தனமாரி கொண்டாந்து தந்தா. சாமி படத்துக்கு முன்னால வைக்கணும்னு கேட்டியளாம்லா?"

கை கழுவாமலே போய் முக்காலியில் ஏறினார். இத்தனை நாளும் கூடையைக் கவிழ்த்த கையோடு இறங்கிவிடுகிறவர், இன்றைக்குத்தான் சுவருக்கு அடியில் குனிந்து பார்த்தார். அவர் கொட்டிய நீளத்துக்குத் தக்காளி சிவந்து கிடந்தது. பூசணியும் பாகலும் பின்னிப் படர்ந்திருந்தன. டீச்சர் விதை போட்ட பாத்திகள் இன்னும் சோகை பிடித்தே நின்றன. அவர் கொட்டிய அழுகலே உரமாகி, அதிலிருந்த விதையே முளைத்திருந்தது. தன் வியாபாரத்தைக் கெடுத்த மடையன் யார் என்று கொம்பையாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. இறங்கி முக்காலியை எட்டி உதைத்தார்.

அடுத்த வாரம் அர்ஷியா டீச்சரே கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, சனிக்கிழமை பள்ளிக்கூடத்துல அறுவடை விழா. உங்களுக்குப் பொன்னாடை போத்தணும்னு எல்லாரும் பிரியப்படுதாவ. கட்டாயம் வரணும்."

பொன்னாடை என்ற சொல் காதில் விழுந்ததும் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. எதற்கு என்று கேட்கும் அறிவிருந்தால் அவர் கொம்பையா இல்லையே. சலவை வேட்டி கட்டி, சந்தனம் பூசி, பொன்செல்வியையும் கூட்டிக்கொண்டு நேரத்துக்கு முன்பே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். மேடைக்குக் கூப்பிட்டதும் மாப்பிள்ளை மாதிரி ஏறினார்.

டீச்சர் மைக்கைப் பிடித்தார். "நம்ம தோட்டத்துக்கு உரமும் விதையும் தந்தது கொம்பையா அண்ணாச்சிதான். ஒரு நாள் தவறாம, விளக்கு வைக்கதுக்கு முன்னால, அவிய கடையில அழுகின காய் ஒரு கூடை சுவர் வழியா வந்துரும். இந்தத் தெருவே அவியளுக்குக் கடமைப்பட்டிருக்கு." டீச்சர் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை.

முதலில் கை தட்டினார்கள். பிறகு சந்தனமாரியின் குரல் கேட்டது. "தினமும் ஒரு கூடை அழுகுதா? அப்ப கடையை எப்ப எழுதித் தாரிய அண்ணாச்சி?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பொன்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதை மேடையிலிருந்தே பார்த்தார்.

நான் உரமாகக் கொடுக்கவில்லை, வேண்டுமென்றே எறிந்தேன் என்று சொல்லலாம். சொன்னால், பிள்ளைகள் படிக்கும் இடத்தில் அழுகலை எறிந்தவன். கொடுத்தேன் என்றால், அழுகல் கடைக்காரன். டீச்சர் பொன்னாடையை விரித்தார். குனிந்து கழுத்தைக் காட்டினார்.

பொழுது சாய்ந்தது. விற்காமல் தேங்கிய சரக்கில் அன்றைக்கு அழுகல் கூடை கொள்ளவில்லை. தெருமுனைக்குத் தூக்கிப் போகலாம் என்றால், எத்தனை சாக்குப் போட்டு மூடினாலும் உள்ளே இருப்பது என்ன என்று இப்போது தெருவுக்கே தெரியும். உள்ளேயே வைத்திருந்தால் லட்சுமிக்கு ஆகாது. பொன்செல்வி தீப்பெட்டியோடு நின்றாள்.

"வெளக்கு வைக்கணும், சட்டுனு முடிங்க."

பொன்னாடை தோளில் கிடக்க, கூடையைத் தூக்கிக்கொண்டு முக்காலியில் ஏறினார். சுவருக்கு அந்தப் பக்கம் சந்தனமாரி மண்வெட்டியோடு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"பைய, அண்ணாச்சி. அங்கன நெறைஞ்சு போச்சு. கொஞ்சம் தள்ளி இங்கன போடுங்க."

கொம்பையா தள்ளிப் போட்டார்.