ஆள் மாறிப் பிடித்த பயில்வான்

துருக்கியின் எதிர்னே ஊரில் தெவ்ஃபிக் பயில்வானைத் தெரியாதவர்கள் கிடையாது. ஜெயித்ததால் அல்ல. போன வருஷம் கிர்க்பினார் மல்யுத்தப் போட்டியில், உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு ஒரே புல்வெளியில் பல ஜோடிகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, இவன் தன் எதிராளியை விட்டுவிட்டுப் பக்கத்து ஜோடியில் ஒருவனைத் தூக்கி மல்லாக்கப் போட்டுவிட்டான். கண்ணாடியைக் கழற்றினால் இவனுக்கு எல்லாருமே மினுமினுக்கும் வெறும் தோள்கள்தான். நடுவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து இவன் டீக்கடையில் நுழைந்தாலே, "பயில்வான், நான் அந்த ஆள் இல்லப்பா!" என்று எவனாவது நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

ஜூலையில் அடுத்த போட்டி. அதற்குள் போன மானத்தை மீட்டாக வேண்டும். மே மாதம் மனைவி குல்தெனோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனான். லேசரில் இரண்டு வகை என்று முன்பே விசாரித்து வைத்திருந்தான். ஒன்றில் கருவிழியின் மேல்பரப்பை மெல்லிய மூடிபோல வெட்டித் திறந்து, உள்ளே லேசர் அடித்து, மறுபடி மூடிவிடுவார்கள். மறுநாளே பளிச்சென்று தெரியும். மற்றதில் மூடி கிடையாது. வலிக்கும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும். மல்யுத்தக்காரன் என்று தெரிந்தால் முதல் வகையைச் செய்யமாட்டார்கள் என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள்.

டாக்டர் பெல்கிஸ் கருவிழியின் கனத்தை அளந்தார். கண்ணில் ஈரம் போதுமா என்று பார்த்தார். பவர் ஏறாமல் நிற்கிறதா என்று கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"சீஸ் கடை, டாக்டர்."

டாக்டர் அவன் காதுகளையே பார்த்தார். இரண்டும் நசுங்கிக் காலிஃபிளவராகியிருந்தன.

"சீஸ் வித்தா காது இப்படியா ஆகும்?"

"பெரிய பெரிய கட்டியா மேல விழும் டாக்டர்," என்றாள் குல்தென், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"எங்கப்பாவுக்கும் இதே காதுதான். அவரும் பயில்வான்." டாக்டர் பேனாவை வைத்தார். "கண் டாக்டர்கிட்ட போய் இதை மறைக்கலாமா? மூடி வெட்டினா, பல வருஷம் கழிச்சுக்கூட ஒரு முழங்கை பட்டா அது நகர்ந்துடலாம். உங்களுக்கு மூடி இல்லாத வகைதான். ஆனா இந்த வருஷக் களத்தை மறந்துடுங்க. நான் சொல்ற வரைக்கும் கண்ணுல அடியும் படக்கூடாது, எண்ணெயும் படக்கூடாது. இன்னொண்ணு, நாப்பது தாண்டினா படிக்க எப்படியும் கண்ணாடி வேணும்."

"இவரு படிக்கறதா!" என்றாள் குல்தென்.

தெவ்ஃபிக்குக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டுமா?

"வேற டாக்டர்கிட்ட போய்க் கறிக்கடைன்னு சொல்லிடவா?" என்றான் வெளியே வந்ததும்.

"தாராளமா. கண்ணு போச்சுன்னா தெருவுல நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். களத்துல யாரு கூட்டிட்டுப் போவா, பயில்வானே?"

தெவ்ஃபிக் திரும்ப உள்ளே போனான். மூடி இல்லாத வகையையே செய்துகொண்டான். முதல் சில நாள், கண்ணுக்குள்ளேயே வெங்காயம் நறுக்கியதுபோல எரிந்தது. நூறு கிலோ ஆள் போர்வைக்குள் முனகிக் கிடந்தான். குல்தென் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாள். கண்ணைத் தேய்க்கப் போன கையைத் தட்டிவிட்டாள்.

ஜூலையில், கறுப்புக் கண்ணாடியோடு அவள் பக்கத்தில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தான். தன் இடத்தில் வேறொருவன் இறங்குவதைப் பார்க்க வயிறு எரிந்தது. ஆனால் களத்தின் அந்தக் கோடியில் நிற்பவனின் மீசைகூடத் தெரிந்தது. எத்தனை முகங்கள்!

"நான் மல்லுக்கட்டறப்ப நீ எங்க உட்காருவ?"

"இங்கதான். எப்பவும் இதே வரிசை. நீ இறங்கினதும் கை வலிக்க வலிக்க ஆட்டுவேன்."

"நானும் பதிலுக்கு ஆட்டுவேனே!"

"ஆட்டுவ. அதோ, அந்தப் பக்கம் பார்த்து." எதிர் வரிசையைக் காட்டினாள். "அங்க இருந்த பொம்பளைங்க என்ன நினைச்சாங்களோ!"

தெவ்ஃபிக் சிரிக்கப் பார்த்தான். முடியாமல் அவள் பக்கம் திரும்பினான்.

"இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல?"

"சொன்னா ஆட்டறதை நிறுத்திடுவியே."