தூண்களில் வெள்ளக் கறை

பினாங்கு ஆற்றங்கரையிலுள்ள வெள்ளையன் செட்டியார் அரண்மனையின் சீரமைப்பு முடிந்திருந்தது. கூடத்துத் தேக்குத் தூண்கள் பழையவையே என்று பாதுகாப்புக் குழுவின் சார்பில் நான் கையொப்பமிட வேண்டும். எனக்கோ ஐயம் தீரவில்லை.

“எல்லாம் ஒரிஜினல்தான் லா சார்! அந்தக் காலத்து வெள்ளக் கறைகூட இருக்கு, பாருங்க,” என்றார் ஒப்பந்தக்காரர் தயாளன்.

கைத்தடியால் அளந்தேன். தரையோ ஆற்றை நோக்கிச் சரிகிறது. கறையோ ஒவ்வொரு தூணிலும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருந்தது.

“தரை சரியலாம், தயாளன். வெள்ளமும் சரிந்தா நின்றது?”

“ரிட்டயர் ஆகியும் வாத்தியார் புத்தி இன்னும் போகலையே சார்!” என்று சிரித்தவர், என் முகத்தைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். “பழசெல்லாம் கறையான் அரிச்சிருச்சு சார்...”

“தேக்கையா கறையான் அரித்தது? அவற்றைக் காட்டுங்கள்.”

அவர் ஆற்றைப் பார்த்தார். நான் கையொப்பமிடாமலே பேனாவை மூடினேன்.