உறைக்கு ஒரு காகிதம்

ஸ்பூனில் விட்ட தண்ணீர் உள்ளே இறங்காமல் அம்மாவின் உதட்டோரம் வழிந்து தலையணையை நனைத்தது. மகள் அதைத் துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தாள். தொண்டை அசையவில்லை. காலையில் வந்த நர்ஸ் நாடி பார்த்த கையோடு அவளை வாசல் பக்கம் கூட்டிப்போய், "இனிமே தண்ணிகூட வேணாம்மா, உதட்ட மட்டும் நனைச்சு விடுங்க. பாக்க வேண்டியவங்கள வரச் சொல்லிருங்க, சாயங்காலம் தாண்டுறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். மனசு கேட்டால்தானே. தம்பிக்குச் சொல்லியாயிற்று, அவன் ரயிலில் வந்துகொண்டிருந்தான். பக்கத்து அறையில் இருப்பவரை வரவழைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

அந்த அறையிலிருந்து கட்டர் காகிதத்தை அறுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. பிறகு டிவிடி பெட்டியின் பிளாஸ்டிக் மூடி டக்கென்று விழுந்தது. அப்பா 'ச்சு' கொட்டினார்.

"இன்னும் முடிக்கலையா அவரு?" அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். அதைக் குரல் என்று சொல்ல முடியாது. மூச்சோடு கொஞ்சம் பேச்சும் கலந்து வந்தது, அவ்வளவுதான்.

"பேப்பர் சரியில்லையாம்மா."

"வரச் சொல்லு."

அம்மா தையல் டீச்சர். முன்னறையில் மிஷின்களைப் போட்டு வருஷக்கணக்காக வகுப்பு நடத்தியவள். அவளிடம் திட்டு வாங்காமல் ஒரு காலர் தைக்கக் கற்றுக்கொண்ட பெண் அந்தத் தெருவில் கிடையாது. நோய் இன்னதென்று தெரிந்தபோது அவள் அழவில்லை. பாதியில் நிற்கிற பெண்களுக்கு மிச்சப் பாடத்தை யார் சொல்லிக்கொடுப்பது என்றுதான் கவலைப்பட்டாள். கேமராவைத் தூக்கச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டாள். காலர், பாக்கெட், பட்டன் துளை என்று அவள் தைத்துக் காட்டக் காட்ட அவர் படம் பிடித்தார். இந்தக் காலத்தில் டிவிடியை யார் பார்க்கிறார்கள் என்று மகள் கேட்டதற்கு, "அதெல்லாம் பொண்ணுங்க பாப்பாங்க. கையில எடுத்துக் குடுக்கிற மாதிரி ஒரு பொருள் வேணும்டி" என்றாள்.

டிஸ்க்குகள் பதிந்தாயிற்று. பெட்டிகளும் வாங்கியாயிற்று. பெட்டிமேல் பிளாஸ்டிக்குக்குள் செருகும் கவர்தான் பாக்கி. ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிய அன்று அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "இங்க உக்காந்து என்ன பண்றீங்க? போய் அந்தக் கவர முடிங்க" என்று விரட்டியவள் அம்மாதான். அவர் போனதும் மகளிடம், "அவரு மூஞ்சியப் பாத்தா எனக்கு பயம் வந்துருது. கையில ஒரு வேலை இருந்தா மனுஷன் தாங்குவாரு" என்றாள்.

அன்றைக்குப் போனவர்தான். அதற்குப் பிறகு நிலைப்படியில் நின்று எட்டிப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார், திரும்பிப் போய்விடுவார். உள்ளே ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

கட்டட வரைபடம் போட்டே காலத்தைத் தள்ளியவர் அவர். கோடு மயிரிழை விலகினாலும் தூக்கம் வராது. அப்படிப்பட்டவரிடம் கவரை ஒப்படைத்தால் என்ன ஆகும்? சாதாரணத் தாளில் அடித்துப் பார்த்தார். மை ஊறி, ஈரத் துணி காய்ந்த மாதிரி நெளிநெளியாக வந்தது. கனமான ஃபோட்டோ தாளில் அடித்தார். முதுகுப் பக்கம் மடிக்கிற இடத்தில் மேற்பூச்சு வெடித்து வெள்ளை தெரிந்தது, பெட்டியும் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கடைக்காரர் மாதிரிக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தனுப்பிய தாள்களை மேஜை முழுக்கப் பரப்பி, விரலால் சுண்டிச் சத்தம் கேட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பெண் பார்க்கப் போன இடத்தில் குறை கண்டுபிடிப்பவரைப்போலக் கழித்துக்கொண்டே வந்தார். முதலில் மகளுக்குச் சிரிப்பாக இருந்தது. இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்பா, அம்மா கூப்பிடுறாங்க."

"இதோ வந்துட்டேன். ரெண்டே பேப்பர்ல வந்து நிக்குது." அவர் நிமிரவில்லை. "பளபளன்னு இருக்கிற க்ளாஸி பேப்பர்ல உங்கம்மா மூஞ்சி நல்லா எடுப்பா வருது. ஆனா பிளாஸ்டிக்கோட ஒட்டிக்கிட்டு திட்டுத்திட்டா ஈரம் பட்ட மாதிரி தெரியுது பாரு. மங்கலா இருக்கிற இந்த மேட் பேப்பர்ல அந்தத் தொந்தரவு இல்ல."

"நர்ஸ் சொன்னத காலையிலயே சொன்னேன்லப்பா."

"சொன்ன." கையில் இருந்த ஸ்கேலை மேஜை விளிம்புக்கு நேராக வைத்தார். பிறகு ஒரு மேட் தாளை எடுத்து, விரல் நுனியை நாக்கில் தொட்டு அதன் மூலையில் அழுத்தினார். "ஒட்டுற பக்கம்தான் பூச்சு இருக்கிற பக்கம். இதுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஏமாத்திரும். பின்பக்கம் மைய குடிக்காது. அதுல அடிச்சிட்டோம்னா காயவே காயாது, தொட்டா கையோட வந்துரும்."

பாடம் நடத்துகிற நேரமா இது? வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு அவள் திரும்பினாள்.

அம்மா கதவுப் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். மகளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று அவள் கண் தேடியது.

"வரலையா?"

"வர்றேன்னாரும்மா. எந்தப் பேப்பர்னு முடிவு பண்ணிட்டு இருக்காரு."

அம்மாவின் உதடு சிரிப்பதுபோலக் கொஞ்சம் கோணியது. "நானே வேலை குடுத்து அனுப்பிட்டு, நானே..." மீதியைச் சொல்ல மூச்சு போதவில்லை. நெஞ்சுக்கூடு ஏறி, நின்று, யோசித்து, இறங்கியது. "எந்தப் பேப்பரா இருந்தா என்ன. போதும்னு சொல்லு. வந்து பக்கத்துல உக்காரச் சொல்லு."

"சரிம்மா."

"அழுதாலும் பரவால்லன்னு சொல்லு."

மகள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அம்மா சொன்னதை அப்படியே, ஒரு சொல் விடாமல் சொன்னாள். அப்பா கட்டரின் முனையை உள்ளே தள்ளிப் பூட்டி, மேஜைமேல் வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி வைத்தார்.

"வெறுங்கையோட எப்படிம்மா போறது?"

"அப்பா."

"அவ என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான். முடிச்சு கையில குடுத்துட்டு அப்படியே உக்காந்துக்கிறேன். எந்திரிக்கவே மாட்டேன். பிரிண்ட் போட எவ்வளவு நேரம் ஆகப்போகுது." இரண்டு துண்டுகளை எடுத்து நீட்டினார். ஒன்று பளபளப்பு, ஒன்று மேட். "எது வேணும்னு மட்டும் கேட்டுட்டு வந்துரு. எனக்கு மேட்தான் பிடிச்சிருக்கு. அதனால அவ க்ளாஸிதான் சொல்லுவா. இருந்தாலும் கேளு."

அதில் உண்மை இருந்தது. சுவருக்குச் சந்தன நிறம் என்று அப்பா சொன்னதால்தான் அந்த வீடு பச்சையாக இருந்தது. ஜன்னல் திரை, சாப்பாட்டு மேஜை, மகளுடைய பள்ளிக்கூடம் என்று எதை எடுத்தாலும் அவர் ஒன்று சொன்னால் அம்மா இன்னொன்று சொல்வாள். அம்மா சொன்னதுதான் நடக்கும். அவரும் வாயே திறக்காமல் இருந்திருக்கலாம். அதுதான் இல்லை, ஒவ்வொரு தடவையும் சொல்லித் தோற்பார்.

கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆத்திரம் அவ்வளவு வந்தது. ஆனால் அவர் நீட்டிய துண்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சரசரத்தன. வாங்கிக்கொண்டு போனாள்.

"அம்மா, பளபளன்னு ஒண்ணு, மங்கலா ஒண்ணு. எது வேணும்னு கேக்குறாரு. சொன்னதும் வந்துருவாராம்."

அம்மாவின் முகம் கதவைப் பார்த்தபடியே இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. மகள் அடுத்த மூச்சுக்காக நின்றாள். காலையிலிருந்தே ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெகுநேரம் ஆகிக்கொண்டுதான் இருந்தது. நின்று பார்த்தாள். பிறகு குனிந்து, கையிலிருந்த துண்டை அம்மாவின் மூக்கருகே பிடித்தாள். அது லேசாக ஆடியது. அவள் தன் மணிக்கட்டைக் கட்டில் விளிம்பில் ஊன்றிக்கொண்டதும் ஆட்டம் நின்றுவிட்டது.

அம்மாவின் நெற்றியில் கை வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது. கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று, அதைக்கூடக் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லையே.

"எது சொன்னா?" பக்கத்து அறையிலிருந்து அப்பாவின் குரல்.

அவள் அந்த அறையின் வாசலுக்கு வந்தாள். அப்பா பிரிண்டரைப் போட்டு, தட்டை இழுத்துத் தயாராக வைத்திருந்தார். அவர் சட்டையின் பட்டன்களைக் கழுத்துவரை போட்டிருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். அம்மாவிடம் போவதற்காகத் தயாராகி நின்ற அந்த மனிதரிடம் சொல்லவேண்டியதை அவளால் சொல்ல முடியவில்லை.

"மேட்."

அப்பா அவளைப் பார்த்தார். "மேட்டா?"

"ஆமாப்பா."

"அவளா சொன்னா?"

"ம்."

அவர் பார்வை அவளைத் தாண்டி அந்த அறைப் பக்கம் போய் வந்தது. "சரி" என்றார். மேஜையிலிருந்து ஒரு தாளை உருவித் தட்டில் செருகி, பட்டனை அழுத்தினார்.

பிரிண்டர் முனகிக்கொண்டே வேலை செய்தது. தாள் வெளியே வந்தது. மிஷினுக்கு முன்னால் அம்மா. கண்ணாடிக்கு மேலாகக் கேமராவை முறைத்துக்கொண்டு, 'இதைப் போய் எடுக்கிறீங்களே' என்று அதட்டப்போகிறவள்போல. படம் நன்றாகத்தான் இருந்தது. மைதான் தாளுக்குள் போகாமல் மேலேயே மினுமினுத்துக்கொண்டு நின்றது. அப்பா அதை மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஊதினார். அட்டையால் விசிறினார். அப்புறம் கட்டைவிரலால் அம்மாவின் கன்னத்தைத் தொட்டார். கன்னம் விரலோடு வந்து, கண்ணாடிவரை கருப்பாக இழுத்துக்கொண்டு போயிற்று.

"பக்கம் மாத்தி வச்சிட்டீங்கப்பா."

"தெரியும்." பிரிண்டரை அணைத்தார். "எனக்குப் பிடிச்சத அவ என்னிக்கும்மா சொல்லியிருக்கா?"

மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப?" என்றார் அப்பா.

"கேக்கப் போனப்பவே. நான் உள்ள போறதுக்குள்ள."

அப்பா தலையை ஆட்டினார். அவளைக் கடந்து, அம்மாவின் அறை நிலைப்படிவரை போய் அங்கே நின்றார். கட்டைவிரலைப் பார்த்தார். சட்டையில் துடைத்தார். போகவில்லை. திரும்பிப் போய்க் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

"போர்வையில பட்டா திட்டுவா" என்றார்.

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். மகள் போய்க் குழாயை மூடினாள். இந்தத் தடவை கேட்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் கூடவே வந்தார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அழவில்லை. மை போகாத கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மற்ற விரல்களால் அம்மாவின் கன்னத்தைத் தொட்டார்.