மே இருபத்தொன்பதில் பிறந்தவர்கள்

தான் பிறந்த தேதியில்தான் கான்ஸ்டான்டிநோபிள் விழுந்தது என்ற சேதி கிடைத்தபோது ராசாங்கம் தன் வெங்காய மண்டியில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். விழுந்தது ஊரா, ஆளா, ஏதாவது கட்டடமா என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் பெரிசாக எதுவோ விழுந்திருக்கிறது, அதுவும் தன் பிறந்தநாள் பார்த்து விழுந்திருக்கிறது. அதுவே போதுமானதாக இருந்தது.

சேதி கொண்டுவந்தவன் அறிவரசன். புளியங்குறிச்சியில் இன்சூரன்ஸ் பிடிப்பவன். தினம் காலையில் 'வரலாற்றில் இந்த நாள்' என்று ஊர் வாட்ஸப் குழுவில் ஒரு முழம் எழுதிப் போடுவான். யாரும் படிப்பதில்லை, எல்லாரும் கும்பிடு மட்டும் போடுவார்கள். முதன்முதலாக ஒருவர் ஆளனுப்பி, "மே இருபத்தொம்பதுல என்னடா நடந்துச்சு?" என்று கேட்டதில் அவனுக்குக் கண் கலங்கியேவிட்டது.

"அண்ணே, சாதாரண தேதி இல்லண்ணே. எவரெஸ்ட்ல மனுசன் மொதல்ல கால வெச்சது அன்னிக்கு. ஐன்ஸ்டைன் சொன்னது சரிதான்னு சூரிய கிரகணத்த வெச்சுக் கண்டுபுடிச்சது அன்னிக்கு. எல்லாத்துக்கும் மேல, இங்கிலாந்து ராசா ரெண்டாம் சார்லஸ்."

"அவரு என்ன பண்ணாரு?"

"அப்பா ஆண்ட நாட்ட விட்டு அவரத் தொரத்திட்டாங்க. ஊர் ஊரா ஒளிஞ்சு திரிஞ்சாரு. அப்புறம் சனங்களே கூப்புட்டு மறுபடி ஆட்சியக் குடுத்தாங்க. லண்டனுக்குள்ள அவரு நொழஞ்சது மே இருபத்தொம்பது. அன்னிக்கு அவருக்குப் பொறந்தநாளும்கூட."

ராசாங்கம் காதுக் குச்சியைக் கீழே வைத்தார். அவரும் ஒருகாலத்தில் ஒன்றியக் கவுன்சிலர். போன தேர்தலில் சனங்கள் துரத்திவிட்டார்கள். வர்ற தேர்தலில் கட்சி சீட்டு கொடுத்தால்தான் மண்டி வாசலில் கொடி போட்ட கார் மறுபடி நிற்கும். பூலாம்பாடி டீக்கடையில் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். இல்லாவிட்டால் சாகிற வரைக்கும் 'முன்னாள்'தான்.

சீட்டு கொடுப்பவர் மாவட்டச் செயலாளர். கட்சிக்காரர்கள் வாயில் அவர் வெறும் 'மாவட்டம்'. மாவட்டம் தூங்குது, மாவட்டத்துக்குச் சளி, மாவட்டம் கோவமா இருக்கு என்றெல்லாம் பேசிக்கொள்வதைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள் பயந்துபோவதுண்டு. அந்த மாவட்டம், ராசாங்கத்தின் அறுபதாவது பிறந்தநாளுக்கு வர ஒப்புக்கொண்டிருந்தது.

அன்று மதியமே ராசாங்கம் பெரம்பலூருக்கு பஸ் ஏறி, அரவிந்தன் பிளக்ஸ் கடையில் போய் இறங்கினார். அரவிந்தன் எதையும் மறுக்காத கலைஞன். கேட்டால் காதுகுத்துப் பிள்ளையைச் சிங்கத்தின் மேல் உட்காரவைப்பான். செத்துப்போன பெரியவரை விமானத்தில் அனுப்புவான்.

"சார், எவரெஸ்ட் உச்சியில உங்கள நிக்கவெச்சிட்டேன். ஸ்வெட்டர் போடவா?"

"வெள்ளை வேட்டியே இருக்கட்டும்யா. கட்சி அடையாளம் போயிடும்."

ஆக, ராசாங்கம் வேட்டியோடு எவரெஸ்டில் நின்றார். அவர் தலைக்குப் பின்னால் கிரகணச் சூரியன். வலப்பக்கம் கான்ஸ்டான்டிநோபிள் என்று ஒரு கோட்டை இடிந்து விழுந்தது. இடப்பக்கம், தோள்வரை சுருட்டைமுடி தொங்க, ரெண்டாம் சார்லஸ் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிடுகிற கை வேறொருவருடையது. அரவிந்தனிடம் கும்பிடுகிற கைகள் நிறைய இருப்பு உண்டு. அடியில் கொட்டை எழுத்தில்: 'இந்நாளில் உலகுக்குக் கிடைத்தது எத்தனையோ! புளியங்குறிச்சிக்குக் கிடைத்த ஒரே மாமனிதர்!'

பிளக்ஸ் பஸ் ஸ்டாப்பில் ஏறிய அன்று அவர் மனைவி சம்பூர்ணம் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, யாருங்க அந்தச் சுருட்டமுடி அம்மா?"

"அம்மா இல்லடி. ராசா."

"ராசாவா? தலைக்கு எண்ணெ வெக்க ஆளில்ல போல." கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "உங்கம்மா உசுரோட இருந்தப்ப, நீங்க பருத்தி எடுக்கிறப்பப் பொறந்ததாத்தான சொல்லும்? மே மாசத்துல எவன் காட்டுல பருத்தி இருக்கு?"

"சர்ட்டிபிகேட்ல என்ன இருக்கோ அதான் பொறந்தநாளு" என்றார் ராசாங்கம். அதைச் சொன்னபோது கொஞ்சம் குரலைத் தாழ்த்தியிருக்கலாம். பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த கிருஷ்ணம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

கிருஷ்ணம்மாள் சின்ன வெங்காய வியாபாரி. ஏலத்தில் அவள் குரல் கொடுத்தால் துறையூர் வியாபாரிகள் மறுவிலை கேட்க யோசிப்பார்கள். ஒண்ணாம் வகுப்பில் ராசாங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய பலகையைப் பிடுங்கி எழுதியவள்.

"ஏன்டா ராசாங்கம், மே இருபத்தொம்பதா நீயி?"

"ஆமா. ஏன்?"

"எனக்கும் அதான்டா! ஆதார்ல பாரு. பூமாலைக்கும் அதான். என் கொழுந்தனுக்கும் அதான். மருதை வாத்தியாரு கை வெச்ச எல்லாத்துக்கும் அதான். அப்புறம் நீ எப்படிடா ஒரே மாமனிதரு?"

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் புளியங்குறிச்சிப் பள்ளிக்கூடத்துக்கு மருதை வாத்தியார்தான் எல்லாம். பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினால் பிறந்த தேதி கேட்கமாட்டார். கேட்டாலும் பெற்றவர்களுக்குத் தெரியாது. "வலது கையத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதத் தொடு" என்பார். தொட்டால் அஞ்சு வயசு. ஜூன் ஒண்ணாம் தேதிக்குள் அஞ்சு முடிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். எதற்கும் ரெண்டு நாள் கையிருப்பு இருக்கட்டும் என்று, எல்லாருக்கும் மே இருபத்தொன்பது போட்டுவிடுவார். அவர் இருந்தது ஒரு வருஷம் ரெண்டு வருஷம் அல்ல. இன்றைக்கு அந்தப் பள்ளியில் படித்து நாற்பத்தைந்து தாண்டிய யாரைப் பிடித்து நிறுத்தினாலும் மே இருபத்தொன்பதுதான். பிறந்தநாள் கொண்டாடுகிற வழக்கமே இல்லாத ஊராகையால் இதுவரை வம்பில்லாமல் ஓடியது. ராசாங்கம் ஒரு பிளக்ஸ் வைத்து எல்லாருக்கும் ஞாபகப்படுத்திவிட்டார்.

மூன்றாம் நாள், ராசாங்கத்தின் பிளக்ஸுக்கு எதிரே பூமாலையின் பிளக்ஸ் முளைத்தது. பூமாலை மினிலாரி ஓட்டுகிறவர். எவரெஸ்ட் உச்சியில் அவர் லாரியோடு நின்றார்.

ராசாங்கம் ஓடினார். "மாப்ள, என்ன இது? எவரெஸ்ட் என்னுது."

"ஒன்னுதா? பச்சமலையிலயே நீ ஏறுனது கெடையாது. நானு தெனம் லோடு ஏத்திக்கிட்டு ஏறி எறங்குறேன். மலை ஏறுறவனுக்குத்தான மலை?"

மறுநாள் மைக் செட் அருள்முருகன் கிரகணத்தை எடுத்துக்கொண்டார். பாதிக் கல்யாணத்தில் ஜெனரேட்டர் நின்று பந்தலை இருட்டாக்கிய அனுபவம் அவருக்கு நிறைய. 'பகலிலும் இருளைத் தந்தவர்' என்று எழுதியிருந்ததை அவர் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார். கான்ஸ்டான்டிநோபிளைக் கிருஷ்ணம்மாள் எடுத்தாள். அதில் யாரும் தகராறு பண்ணவில்லை. பங்காளி கட்டிய காம்பவுண்டுச் சுவரை அவள் ஒற்றை ஆளாக டிராக்டர் வைத்து இடித்ததை ஊரே நின்று பார்த்திருக்கிறது.

அறிவரசனுக்குத்தான் யோகம். வீட்டு வாசலில் ஆள் நின்றது. "தம்பி, எனக்கு ஒண்ணு பாத்துக் குடுப்பா. சண்ட சச்சரவு இல்லாததாப் பாரு." "ஏன்யா, வெளிநாட்டுதா வேண்டாம், உள்ளூர்ல ஒண்ணும் நடக்கலியா அன்னிக்கு?" ஒரு சம்பவத்துக்கு ரெண்டு பேர் போட்டி போட்டால் திருவுளச்சீட்டு. கொடுக்கிற சம்பவத்தோடு சேர்த்து அறிவரசன் ஒரு பாலிசியும் போட்டுவிட்டான்.

ராசாங்கம் மனம் தளரவில்லை. பழைய பிளக்ஸில் எவரெஸ்டையும் கிரகணத்தையும் கோட்டையையும் எடுக்கச் சொல்லிவிட்டார். இப்போது அதில் அவரும் சார்லஸும் மட்டும். ஆட்சியை இழந்து திரும்பப் பிடிக்கப்போகிறவர் என்ற தகுதி ஊரில் வேறு எவனுக்கும் கிடையாது. ஏனென்றால் வேறு எவனும் எதையும் பிடித்ததே கிடையாது.

மே இருபத்தொன்பது வந்தது. கத்திரி முடிந்த மறுநாள். முடிந்தது பஞ்சாங்கத்தில்தான், வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை. காளியம்மன் கோயில் மைதானத்தில் ராசாங்கம் பந்தல் போட்டிருந்தார். பெரம்பலூரிலிருந்து எவரெஸ்ட் வடிவத்தில் கேக். அதை மட்டும் மாற்ற நேரமில்லை. வரும் வழியிலேயே மலை ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தது.

மாவட்டத்தின் கார் வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் பந்தலில் இருந்த கூட்டம் மொத்தமாக எழுந்தது. எல்லார் தோளிலும் சால்வை. எல்லார் கழுத்திலும் மாலை. தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டவை.

மாவட்டம் கையில் வைத்திருந்த ஒற்றைச் சால்வையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"இதுல பொறந்தநாளு யாருக்குய்யா?"

"எனக்குத்தாங்க" என்றது பந்தல்.

ராசாங்கம் முண்டியடித்து முன்னே வந்தார். "ஐயா, நான்தாங்க. இவங்கல்லாம் சும்மா தேதிக்குங்க. வாத்தியாரு போட்ட தேதி."

"ஒனக்கு மட்டும் பிரம்மா வந்து போட்டாராடா?" என்றாள் கிருஷ்ணம்மாள்.

மாவட்டம் நாற்காலியில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். பிறகு அறிவரசனைப் பக்கத்தில் கூப்பிட்டு விவரம் கேட்டார். அவன் காதைத் தொடுகிற விஷயம்வரை ஒன்று விடாமல் சொன்னான். மாவட்டத்தின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அரசியலில் முப்பது வருஷம் கிடந்து, தெருத்தெருவாக, சாதிசாதியாக ஓட்டைப் பிரித்துப் பிரித்துக் கூட்டிச் சலித்த மனிதர். இங்கே எல்லாச் சாதியும் எல்லாத் தெருவும் ஒரே தேதியில் பிறந்து, மாலையோடு நிற்கிறது.

"ராசாங்கம், இது பெரிய கட்டுய்யா. மே இருபத்தொம்பது ஓட்டு அப்படியே விழுந்தா எதிராளிக்கு டெபாசிட் தேறாது. நம்ம வேட்பாளரு கண்டிப்பா மே இருபத்தொம்பதுதான்."

ராசாங்கத்துக்குக் கண் நிறைந்தது. பந்தலுக்குப் பெயர்த்துக் கொண்டுவந்திருந்த பிளக்ஸில் சார்லஸை நன்றியோடு பார்த்தார். "ஐயா, நீங்க சொன்னா..."

"ஆனா ஒண்ணு. இந்தத் தடவ இந்த வார்டு பொம்பளைங்களுக்குன்னு அறிவிச்சுட்டாங்க. நேத்துத்தான் வந்துச்சு."

அரசியல்வாதிக்கு இது ஓர் இடறலே அல்ல. ராசாங்கம் ஒரு மூச்சுகூட விடாமல் சொன்னார்: "அதனால என்னங்க? என் சம்சாரம் இருக்கு. சம்பூர்ணம், வந்து ஐயாவ ஒரு கும்புடு கும்புடு."

"அம்மாவுக்குப் பொறந்தநாளு என்னிக்கி?"

ராசாங்கம் சம்பூர்ணத்தைப் பார்த்தார். சம்பூர்ணமே சொன்னாள். "மே முப்பதுங்க. நான் எறையூர்ங்க. எங்க வாத்தியாரு மே முப்பதுதாங்க போடுவாரு."

மாவட்டம் வருத்தத்தோடு தலையாட்டினார். "அது எறையூர் ஓட்டும்மா. இங்க செல்லாது."

பிறகு அவர் கூட்டத்தை ஒருமுறை பார்வையால் அளந்தார். கிருஷ்ணம்மாள் எதையும் எதிர்பார்க்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கேக்கை எவனும் வெட்டாததால் பாயசமாகிறது என்று அருள்முருகனைத் திட்டிக்கொண்டிருந்தாள். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மாவட்டம் எழுந்துபோய்க் கையிலிருந்த ஒரே சால்வையை அவளுக்குப் போர்த்தினார்.

"எனக்கெதுக்குங்க? ஏற்கெனவே ஒண்ணு போட்டிருக்கேன்" என்றாள்.

"இது சீட்டும்மா."

பூமாலை விசில் அடித்தார். கத்தியை எல்லாரும் ஆளுக்கொரு கை பிடித்தார்கள். எவரெஸ்ட் தட்டைவிட்டு வழிந்து மேஜை விரிப்பில் கலந்தது. இழுபறியில் ராசாங்கத்தின் கை கத்திவரை எட்டவில்லை. முன்னால் நின்ற பூமாலையின் முழங்கையைத்தான் பிடிக்க முடிந்தது. போகும்போது மாவட்டம் அவர் முதுகைத் தட்டி, "நீதான்யா தேர்தல் பொறுப்பு. பெரிய மனசு பண்ணி ஜெயிக்க வையி" என்றார்.

அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்த பந்தலில், ராசாங்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொன்றில் காலை நீட்டி, அரவிந்தனுக்குப் போன் போட்டார். பக்கத்தில் சம்பூர்ணம் மீந்த கேக்கைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, புது பிளக்ஸ் ஒண்ணு. நடுவுல கிருஷ்ணம்மாள். பின்னாடி கோட்டை இடிஞ்சு விழணும்."

"உங்க படம் சார்?"

பிளக்ஸின் அடியில், தீப்பெட்டி சைஸ் முகங்கள் வரிசையாக நிற்கிற இடம் அவருக்குத் தெரியாததல்ல. எத்தனையோ பேரை அங்கே நிறுத்தியவர் அவர்.

"கீழ் வரிசையில போடு. மொத ஆளாப் போடு. காது வெட்டுப்படாமப் பாத்துக்க."

"சரிங்க சார். அந்தச் சார்லஸ் படம் சும்மா கெடக்கு. அழிச்சிடவா?"

"அழிக்காத" என்றார் ராசாங்கம். "என் பக்கத்துலயே போட்டுடு. பாவம், அவருக்கும் இன்னிக்குத்தான் பொறந்தநாளு."