தொட்டியில் ஒருவனுக்குத்தான் நிறம்

லிஃப்ட் மெக்கானிக்கின் நிறம் போக ஆரம்பித்ததும், அவன் வீட்டுத் தொட்டியிலிருந்த ஆப்பிரிக்க சிக்லிட் மீன் முழு நீலமானதும் ஒரே வாரத்தில். முதலில் மீசை வெளுத்தது, பிறகு கன்னம், பிறகு கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. மீன் கடைக்காரர் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றார். இந்த ஜாதியில் தொட்டிக்கு ஒரு ஆணுக்குத்தான் நிறம் நிற்கும், மற்றதெல்லாம் வெளுத்துப்போய் மூலையில் கிடக்கும், ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்குமா என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்குத் தீனி நிறுக்கப் போனார்.

மேலதிகாரி வீட்டில் தொட்டி இருக்கிறது என்பதற்காக வாங்கிய தொட்டி அது. பன்னிரண்டு மீன்களில் பின்னால் நீலமான அந்த ஒன்று முதல் மாதமே முதலாளி என்று பெயர் வாங்கிவிட்டது. மற்ற மீன்களின் வாலைக் கிழித்தது, வடிகட்டிக் குழாயைக் கடித்தது, ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்த கதையாகக் கடைசியில் மெக்கானிக்கின் விரலையும் கடித்தது. அவன் வெறுத்துப்போய் டிவிக்குத் திரும்பினான். தொட்டி மனைவியின் தலையில் விழுந்தது. அவள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஞாயிறுதோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினாள். மென்மையான தண்ணீர் இந்த மீன்களுக்கு ஆகாது என்று சோடா உப்பு கரைத்து ஊற்றினாள். அவனைக் கடித்த முதலாளி அவள் விரலை மட்டும் முத்தமிட்டது. வேலை முடிந்து அவள் கதவைத் திறந்தால் கண்ணாடிக்கு ஓடிவந்து துடுப்பை விரிக்கும்.

"தேடினியாடா கண்ணா?" என்பாள் அவள்.

பதினோரு வருடத்தில் தன்னிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி அது. மெக்கானிக் டிவி சத்தத்தைக் கூட்டினான். பக்கத்து வீட்டுக்காரன் மேல் பொறாமை என்றால் நாலு பேரிடம் சொல்லி ஆறலாம், மீன் மேல் என்று எவனிடம் சொல்வது?

இரண்டு வருடத்தில் அவன் லிஃப்டுக்குள் நிற்பதே யாருக்கும் தெரியாமல் போனது. மெக்கானிக் இன்னும் வரவில்லையா என்று அவனை உரசிக்கொண்டே கேட்டார்கள். மனைவி வேலையிடத்திலிருந்து பல்லுக்கு நிறம் பொருத்தும் அட்டையைக் கொண்டுவந்து அவன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பதினாறு நிறங்களில் ஒன்பதாவதில் இருந்தவன் கிட்டத்தட்ட வெள்ளையான இரண்டாவதுக்கு வந்திருந்தான்.

கடைக்காரர் ஒரு வழி சொன்னார். கல்லையெல்லாம் எடுத்து இடம் மாற்றி வை, ரவுடி மீனுக்குத் தன் இடம் எதுவென்று மறந்துபோகும், எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மனைவி குளிக்கப் போன நேரத்தில் மெக்கானிக் முழங்கை வரை நனைந்து பதினேழு கற்களையும் மாற்றி அடுக்கினான். அவள் தலை துவட்டிக்கொண்டு வந்தாள். முதலாளி ஒரு கல்லையும் திரும்பிப் பார்க்காமல் நேராக அவள் முகத்துக்கு வந்து நின்றது.

"அது வேணுமா, நான் வேணுமா? ஒண்ணைச் சொல்லு," என்றான் அவன்.

அவள் துண்டை மடித்தாள். "நான் வந்தா அது திரும்பிப் பாக்குதுங்க. நீங்க?"

அவன் சோபாவில் போய் உட்கார்ந்தான். அதில் அவன் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது, அங்கிருந்து பார்த்தால் டிவி மட்டும்தான் தெரியும். தப்பான கல்லை மாற்றியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சாயங்காலத்துக்குள் சோபா படுக்கையறைக்குப் போனது, கட்டில் கூடத்துக்கு வந்தது, டிவி பரணில் ஏறியது. அந்த வீட்டில் அவனுக்கென்று ஓர் இடம் இல்லாமல் போனது. தண்ணீர் எங்கே, செருப்பு எங்கே, எங்கே உட்காருவது என்று எல்லாவற்றுக்கும் அவளைத் தேடினான். தேடியதால் பார்த்தான். அவள் வலது புருவம் நரைத்திருப்பது அவனுக்குப் புதுச் செய்தி. நாலாம் நாள் மீசை கறுத்தது. அந்த வாரமே முதலாளி சாம்பல் நிறமாகி வடிகட்டிக்குப் பின்னால் ஒதுங்கியது.

அதைப் பார்த்து அவள் கண் கலங்கினாள். அவள் கலங்கியதைப் பார்த்த மெக்கானிக்கின் கன்னம் உடனே ஒரு நம்பர் இறங்கியது. அவள் அட்டையை வைத்துச் சரிபார்த்துவிட்டு, அவன் உட்காரும் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மாதம் ஒருமுறை கட்டில் நகர்கிறது. சில மாதம் மீன் நீலம், சில மாதம் அவன். வருகிறவர்கள் யார் வெளுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.