கொஞ்சம் சிவப்பு

மருந்து பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு விஜயராணி வெகுநேரமாக உட்கார்ந்திருந்தாள். காலை மருந்தை இசக்கிமுத்து கம்பெனிக்குக் கிளம்புமுன் தானே மகளுக்குக் கொடுத்துவிட்டான். மதிய மருந்தை இவள்தான் கொடுக்க வேண்டும். மதுமதி சுவரோரம் பாயில் சுருண்டு கிடந்தாள். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுதவளுக்குப் பிறகு காய்ச்சலும் வந்துவிட்டது. ஈரத்துணி போட்டும் இளநீர் கொடுத்தும் விஜயராணி ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் இசக்கிமுத்து சத்தம் போட்டு, இருவரையும் பல்லடம் ரோட்டிலிருக்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "உங்களுக்கு ஒத்துக்காம போனது வேற மருந்துங்க. இது வேறங்க."

"இவளுக்கு அப்படி வராதுல்லா டாக்டர்?"

"வரவே வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது அது. ஆனா மருந்து குடுக்காம உட்டா கிட்னியப் பாதிச்சுரும். அத உறுதியாச் சொல்றேங்க."

அந்த ஒருத்திதான் அவர் முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

சங்கரன்கோவில் பக்கமிருந்து கல்யாணமான கையோடு அருள்புரத்துக்கு வந்தவர்கள். பனியன் கம்பெனியில் அவன் டெய்லர், அவள் செக்கிங். துணியை விரித்துப் போட்டால் ஊசி ஓட்டையோ எண்ணெய்க் கறையோ அவள் கண்ணுக்குத் தப்பாது. மதுமதி பால்வாடிக்குப் போன வருஷம், உடம்பு வலிக்கென்று ஒரு மாத்திரை போட்டாள். எல்லோரும் போடுகிற மாத்திரைதான். அதே அட்டையிலிருந்து பக்கத்து டேபிள்காரியும் ஒன்று போட்டுக்கொண்டு அன்று ஓவர்டைம் பார்த்தாள். விஜயராணிக்கு முதலில் வாய் எரிந்தது, பிறகு கண் சிவந்தது. நெஞ்சில் சிவப்பாகப் புள்ளிகள் வந்தபோது வேர்க்குரு என்று பவுடரைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மறுநாள் வெந்நீர் கொட்டியதுபோலத் தோல் கழன்று வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் வாழையிலை விரித்துக் கிடத்தியிருந்தார்கள். உயிர் தப்பியது. கண்ணில் நீர் ஊறுவது மட்டும் நின்றுபோனது. இமைமயிர்கள் உள்பக்கமாக வளர்ந்து உறுத்தும். ஞாயிற்றுக்கிழமைகளில் இசக்கிமுத்து அவள் தலையை மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவான். கருவிழியில் படர்ந்த வெள்ளையின் வழியே எல்லாமே புகைக்குள் நிற்பதுபோலத்தான் தெரிந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. யாரும் தப்பு செய்யவில்லை என்றுதான் எல்லா டாக்டர்களும் சொன்னார்கள்.

மகளை எழுப்பி மருந்தைக் கொடுத்தாள். மதுமதி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள்.

"வாயத் தொற பாப்பம். எரியுதா?"

"இல்லம்மா."

"நெசமாச் சொல்லுட்டி."

"காலைலருந்து எத்தன தடவம்மா கேப்ப?"

அறைக்குள் இருட்டில் எதுவும் தெரியவில்லை. வாசலுக்குக் கூட்டிப்போனால் வெயில் கண்ணைக் குத்தி இமைகள் தாமாக மூடிக்கொண்டன. சட்டைக்குள் கைவிட்டுத் தடவினாள். சூடு மட்டும் தெரிந்தது.

"மேலுல எங்கயாச்சும் செவப்பா இருக்கா, நீயே பாரு."

மதுமதி குனிந்து பார்த்தாள். "நெஞ்சுல கொஞ்சம் இருக்கும்மா."

இசக்கிமுத்துவுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மெஷினில் உட்காரும்போது போனை வெளியே வைத்துவிட வேண்டும். டீ நேரத்தில்தான் எடுப்பான். லைன் வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒடிசாக்காரப் பெண் மினதி மட்டும்தான் இருந்தாள். விஜயராணி அவள் கதவைத் தட்டினாள்.

மகளின் சட்டையை விலக்கிக் காட்டி, "லால்? லால் இருக்கா, பாரு," என்றாள். சிவப்புக்கு, செக்கிங்கில் இந்திக்காரப் பெண்களோடு நின்று பழகிய சொல்.

மினதி தூக்கக் கலக்கத்தோடு குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். "தோடா," என்றாள். "தோடா லால், தீதி."

"கொஞ்சம்னா எப்படி? கொசுக்கடியா, வேர்க்குருவா? ஒண்ணா இருக்கா, நெறைய இருக்கா?"

மினதி இந்தியில் நீளமாக ஏதோ சொன்னாள். பிள்ளையின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்துச் சிரித்தாள். பயப்படாதே என்கிறாளா, சீக்கிரம் கூட்டிப்போ என்கிறாளா என்று விஜயராணிக்குப் பிடிபடவில்லை. சிரிப்பதுபோலத் தோன்றியதுகூட நிஜம்தானா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

ராத்திரிக்கு இன்னொரு வேளை மருந்து இருந்தது. கொடுத்தால் என்ன ஆகும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று மாறி மாறி யோசித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். கண்ணிரண்டும் மணல் போட்டதுபோல உறுத்தின.

"ஒங்கண்ணு ரொம்பச் செவந்துட்டும்மா," என்றாள் மதுமதி. "படு. சொட்டு மருந்து விடுதேன்."

"நீ படுத்துக்க. மேலு சுடுது."

"நீ படும்மா."

படுத்தாள். மதுமதி பழகிய கையோடு இமையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் கொதித்தன. சொட்டு விழுந்ததும் எப்போதும் கொஞ்ச நேரத்துக்கு அந்தப் புகை மெலியும். ஒரு தடவை சிமிட்டிவிட்டால் அந்தத் தெளிவு போய்விடும். மேலே மகளின் முகமும், பித்தான் போடாத சட்டையும், அதற்குள் நெஞ்சும் மெல்லத் துலங்கி வந்தன. விஜயராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள்.