அறையில் இல்லாதவர்களுக்கு

“‘வராதவன்’ இல்லக்கா. ‘இல்லாதவன்’னு அடி. ரெண்டும் வேற.”

அக்கா அடித்ததை அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். திரைச்சீலை தைத்துப் பழகிய விரல்கள். ஒவ்வொரு எழுத்தையும் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்த தம்பிக்குக் கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து அவள்தான் அடிக்கிறாள். அவன் மூக்கில் பிராணவாயுக் குழாய். நுரையீரல் இனித் தேறாது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சொந்தமென்று அவனுக்கு இருந்தது அக்காவும் அவள் கணவரும்தான்.

லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. வேலை விட்டு வந்தால் இந்தக் கணினியின் கறுப்புத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வான். ஏதோ விளையாட்டு என்றே இத்தனை காலம் அவள் நினைத்திருந்தாள். ஐந்தாறு பேர் கூடிப் பேசுகிற அரட்டை அறை என்பது இப்போதுதான் தெரிந்தது. அங்கே தம்பியின் பெயர் கிணறு.

“ஏன்டா, வேற பேரே கிடைக்கலையா?”

“லிஃப்ட் ஏறி இறங்குற குழியிலதானே பாதி ஆயுசு போச்சு. உள்ள நின்னு அண்ணாந்து பாத்தா கிணறுதான்.”

“படம் இல்ல, குரல் இல்ல. வெறும் எழுத்து. இதுல என்னடா இருக்கு?”

“வெறும் எழுத்துங்கறதாலதான் எந்த ஓட்டை மெஷின்லயும் ஓடும். ஒரே ஒரு குறை. உள்ள இருக்கிறவனுக்குத்தான் அடிச்ச வரி போகும். நீ வெளிய போன நேரத்துல ஒருத்தன் உன்னைக் கூப்பிட்டான்னா, அது காத்தோட போச்சு.”

அதற்குத்தான் சண்டை. வரிகள் போய்வருகிற பழைய நெறிமுறையைக் கலைக்காமல் மேலே ஒரு ஒட்டுப் போடலாம் என்றான் தம்பி. இல்லாதவருக்கு வந்த வரியை, எல்லோருக்கும் நடுவில் இருக்கிற சர்வர் கணினி பிடித்து வைத்திருந்து, அவர் திரும்பியதும் கொடுக்க வேண்டும். ஒட்டு என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சர்வரை நடத்துகிறவர் சம்மதிக்கவில்லை. அங்கே அவர் பெயர் ஆணி.

‘பேச்சு என்பது இருப்பவர்களுக்கு. பிடித்து வைத்தால் அது கடிதம்’ என்று வந்தது அவர் வரி.

“பாத்தியா, அடிச்ச இடத்துலயே நிப்பான்.” தம்பி சிரிக்கப் போய் இருமினான். தண்ணீர் கொடுத்தாள். “லிஃப்டை எடுத்துக்கோ. பட்டனை அமுக்கிட்டு, பொறுமையில்லாம படியேறிப் போயிடுற. அது மறந்துருமா? வந்து நின்னு கதவத் திறக்கும். அதை அடி.”

அடித்தாள். பதில் வந்தது: ‘ஆளில்லாத மாடியில் கதவு திறந்து என்ன பயன்?’

“நல்லாத்தான்டா கேக்கறார்.”

“நீ யார் கட்சி?” என்றான். “நல்லா கேக்கறதாலதான் இவன்கிட்டயே மல்லுக்கட்டறேன். இரு, யோசிச்சுச் சொல்றேன்.” கண்ணை மூடிக்கொண்டான்.

சும்மா இருக்க முடியாமல் அவள் பழைய வரிகளை மேலே தள்ளிப் படித்தாள். எத்தனை யோசனைகள்! எதிராளி அடித்துக்கொண்டிருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா என்று காட்ட ஓர் அடையாளம் வேண்டும் என்றார் ஒருவர். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வசதி வேண்டும் என்றார் தூறல் என்பவர். அதற்குக் கிணறு எழுதியிருந்தான்: ‘சொன்ன வாயை மூடலாம். கேட்ட காதை எப்படி மூடுவீர்?’

சிரித்துக்கொண்டே திரும்பினாள். “ஏன்டா, இதெல்லாம் நீயாடா…”

இயந்திரம் புஸ் புஸ்ஸென்று காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

அவன் பாதத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு இயந்திரத்தை அணைத்தாள். கணவருக்குப் போன் செய்தாள்.

மறுநாள் அவனோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். அவன் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. சவப்பெட்டியைப் படித் திருப்பத்தில் சாய்த்து இறக்கும்போது, “ஊரையே மேல ஏத்தினவன், நம்மளைப் படியில விட்டுட்டானே” என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. ஒரு நொடி கழித்து எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அக்காவும்.

அடக்கம் முடிந்து, அறையை ஒழிக்க அவளும் கணவரும் திரும்பினார்கள். அவர் துணிகளை மூட்டை கட்டினார். கணினியை யாரும் அணைத்திருக்கவில்லை. அரட்டை அறையில் இருப்பவர்கள் பட்டியலில் கிணறும் இருந்தான். கீழே ஆணியின் வரி: ‘கிணறு? இன்னுமா யோசனை?’

அக்கா உட்கார்ந்தாள். ‘நான் கிணற்றின் அக்கா. அவன் நேற்று இறந்துவிட்டான்.’

தூறல், ‘ஐயோ’ என்று மட்டும் எழுதினார். அடுத்தது ஆணி. ‘அவரோடு சண்டை போட்ட அளவு நான் யாரோடும் பேசியதில்லை.’

‘அப்படியானால் அவன் கேட்டதைச் சேர்ப்பீர்களா?’

‘மன்னிக்கவும். எனக்கு இன்னும் சம்மதமில்லை. செத்துப்போனதற்காகச் சேர்த்தால் அவரே என்னைத் திட்டுவார்.’

அவளுக்குக் கோபம் வந்தது. சரிதானே என்றும் பட்டது. அப்படி யாராவது இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தால் சின்ன வயதிலேயே ஆட்டத்தைக் கலைத்துவிடுவான் அவன். விரலை ஊன்றி ஊன்றி அடித்தாள்.

‘ஆளில்லாத மாடி என்கிறீர்கள். ஆளில்லை என்பது கதவைத் திறந்து பார்த்தால்தானே தெரியும்?’

ஆணி எழுந்து போய்விட்டாரோ என்று எட்டிப் பார்க்க வழியில்லை.

‘இது அவர் சொன்னதா, நீங்கள் சொல்வதா?’

‘நான்தான்.’

‘சரி. எத்தனை நாள் பிடித்து வைப்பது? திரும்பி வராதவர்களின் வரிகளே சேர்ந்து சேர்ந்து சர்வர் நிரம்பிவிடுமே?’

பின்னால் கணவர் மூட்டையோடு நின்றார். “கெளம்பலாமா? வீட்டுக்காரர் சாவிக்கு நிக்கறார்.”

“நீங்க கீழ போய்ட்டிருங்க. இந்தாளு விட மாட்டேங்கறார்.”

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மூட்டையை வெறும் கட்டிலில் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

நாற்காலி தம்பியின் உயரத்துக்கு ஏற்றி வைத்தது. அவள் கால் தரையில் எட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அடியில் இருந்த கம்பியில் இரண்டு பாதங்களையும் ஊன்றிக்கொண்டு, முதல் எழுத்தைத் தேடினாள்.